ஊதா மூடி ட்யூப்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்திக்குக் காதுகுத்து, அந்த அலைச்சலில் எனக்கொரு சளி. இன்றுதான் உட்கார முடிந்தது. முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்.

அந்த இரண்டு குழந்தைகளும் மனசிலேயே நிற்கிறார்கள். அடுத்தடுத்த கட்டில், மூக்கு ஸ்வாபில் இரண்டு பேருக்கும் ஆர்.எஸ்.வி., அதே மூச்சுக்குழாய் வைரஸ். ஒன்று மூன்றாம் நாளே வீட்டுக்குப் போனது, இன்னொன்றுக்கு ஆக்ஸிஜன். "எந்தக் குழந்தைக்கு முற்றும் என்று முன்கூட்டியே சொல்ல டெஸ்ட் இல்லையாடி?" என்று கேட்டிருந்தாய்.

தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2024-இல் விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் நோபல் வாங்கித் தந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வில்தான். 1993-இல் ஒரு மில்லிமீட்டர் புழுவில் கண்டுபிடித்தது. சுமார் 22 எழுத்து நீளம். எந்த மரபணுவின் செய்தி புரதமாகலாம், எதை அடக்கி வைக்கலாம் என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. வைரஸ் புகுந்தால் இவற்றின் அளவு மாறும். ஸ்வாப் வைரஸைத்தான் காட்டும். உடம்பு அதோடு எப்படி மல்லுக்கட்டுகிறது என்பது இதில் தெரியலாம்.

நாம் படித்தபோது ஆர்.என்.ஏ. என்றால் கைபட்டாலே கெட்டுவிடும் என்று பயமுறுத்துவார்களே! இது அப்படியில்லை. ஆர்கோனாட் புரதத்தோடு ஒட்டிக்கொண்டோ, செல் வெளியே விடுகிற எக்சோசோம் என்ற குட்டிப் பைக்குள் புகுந்தோ ரத்தத்தில் தாக்குப்பிடிக்கிறது.

2021-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்று வந்தது. 423, 23ஏ, 195 என்று நம்பர் போட்ட மூன்று மைக்ரோ ஆர்.என்.ஏ.வை மட்டும் பார்த்து, கோவிட் வந்தவர்களை 99.9 சதவீதம் சரியாகப் பிரித்தார்களாம். கீரி மாதிரி இருக்குமே ஃபெரெட், அதில் இன்ஃப்ளூயன்ஸாவையும் தனியாகக் காட்டியதாம். ஆனால் பார்த்தது பத்து நோயாளிகள், பத்து ஆரோக்கியமானவர்கள். இருபது பேரை வைத்து 99.9 என்றால் முப்பது வருஷம் லேபில் நின்ற எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

என் கவலை வேறு. அது ரத்தம் எடுக்கும் கையில் இருக்கிறது. உன் வார்டுக் குழந்தைக்கு நரம்பு நூல் மாதிரி. சிரிஞ்சை அழுத்தி இழுத்தால் சிவப்பணு உடையும். சிவப்பணு நிறைய 451, 16 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள்தான், அத்தனையும் நாம் அளக்கிற பிளாஸ்மாவில், அந்த மஞ்சள் நீரில், கொட்டிவிடும். ரோஸ் நிறமாகத் தெரிந்தால் தூக்கிப் போடலாம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உடைந்தாலும் கணக்கு தப்பும். இந்த 16-ஐத்தான் பல பேர் மற்றதை அளக்கப் படிக்கல்லாக வைத்திருந்தார்கள். படிக்கல்லே கூடிக் குறைந்தால் என்ன நிறுப்பது? இப்போது 451-ஐ, சிவப்பணு உடைந்தாலும் அவ்வளவாக மாறாத 23ஏ-வோடு ஒப்பிட்டு ரத்தம் உடைந்ததா என்று சோதிக்கிறார்கள். அந்த 23ஏ ஆஸ்திரேலியாக்காரர்களின் மூன்றிலும் ஒன்று, கவனித்தாயா!

ட்யூபும் முக்கியம். போன மாதம் பி.சி.ஆருக்கு என்று பச்சை மூடியில் ஒரு சாம்பிள் வந்தது. பச்சை மூடி ட்யூபில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் இருக்கும், அது இருந்தால் பி.சி.ஆர். ஓடாது என்று எத்தனை தடவை சொல்வது? ஹெப்பாரின் இல்லாத ஊதா மூடி அனுப்புங்கள் என்று திருப்பிவிட்டேன். குழந்தையை மறுபடி குத்தியிருப்பார்கள். பாவம்.

அதனால் உன் கேள்விக்கு இப்போதைக்குப் பதில், "இல்லை" தான். மூச்சு எண்ணிக்கையையும் விலா உள்வாங்குவதையும் பார்க்கிற உன் கண்ணைத்தான் நம்பணும்.

ஆடி கழிந்ததும் வருகிறேன், நார்த்தங்காய் போட்டு வை. அந்த இரண்டாவது குழந்தை வீட்டுக்குப் போய்விட்டதா? நீ எழுதவே இல்லையே.

உன்,
கலா