அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாற்றுங்கள்: விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். கார்கில் வெற்றி தினமான ஜூலை 26 காலையில் நம் தெருமுனை நினைவுத் தூண் முன்னால் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் முதல் வரிசையில்தான் இருந்தீர்கள். மயங்கி விழுந்த பிள்ளை என் பேத்தி. மோவாயில் மூன்று தையல். இப்போது நன்றாக இருக்கிறாள். நஷ்ட ஈடு கேட்டோ சண்டைக்கோ இதை எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான்: தூண் காவலுக்கு நிறுத்தும் பள்ளிப் பிள்ளைகளை அரை மணிக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

நான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 22 வருடம் இருந்தவன். இப்போது மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி. அன்றைக்கும் இன்றைக்கும் நிற்பதுதான் பிழைப்பு. அதனால் நிற்பதைப் பற்றி நாலு வார்த்தை பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அந்தப் பிள்ளைகளை நீங்கள் நிறுத்திய நிலைக்குப் பெயர் 'சோக் சஸ்த்ர்'. துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, குழல் வாயை இடது பூட்ஸின் நுனியில் ஊன்றி, கட்டையின் மேல் இரண்டு கையையும் வைத்து, தலை குனிந்து நிற்பது. செத்தவனுக்குச் செய்கிற மரியாதை. பட்டாளத்தில் எங்களுக்கே அது சில நிமிடம்தான். பியூகிள் ஊதும், மௌனம், மறுபடி பியூகிள், முடிந்தது. தூணின் நான்கு மூலையிலும் நான்கு பிள்ளைகள் 8:40-க்கு அப்படிக் குனிந்தார்கள். "தலைவர் கிளம்பிட்டார்" என்று சிறப்பு விருந்தாளியைப் பற்றி உங்களுக்குப் போன் வந்த நேரம் அது. என் பேத்தி விழுந்தபோது மணி 11:05. பயிற்சித் துப்பாக்கி ஏறக்குறைய நாலு கிலோ. பிடரியில் வெயில். கடல் காற்று மதியத்துக்கு மேல்தான் இறங்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கூட்டி வந்த ஆசிரியர் இரண்டு தடவை உங்களிடம் வந்து கேட்டார். "அஞ்சே நிமிஷம் சார்" என்றீர்கள், இரண்டு தடவையும்.

வீட்டுக்கு வந்து அவள் பூட்ஸைக் கழற்றினேன். இடது கால் நுனியில், பாலிஷுக்கு மேல், குழல் வாய் அழுந்திய வட்டம், எட்டணாக் காசு அளவுக்கு. உள்ளே பெருவிரல் நகம் கறுத்திருந்தது. "ஏம்மா, காலை மாத்தி வெச்சிருக்கலாமே?" என்றேன். "அசையக் கூடாதுன்னு சொன்னாங்க தாத்தா" என்றாள். பதினான்கு வயது. சொன்னால் சொன்னபடி நிற்கிற வயது.

அப்புறம் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவள் விழுந்ததும் உங்களில் ஒருவர் ஓடி வந்தார். தண்ணீரோடு வருகிறார் என்று நினைத்தேன். "சீக்கிரம் தூக்குங்க, கார் திரும்பிடுச்சு" என்றார். ஓரத்தில் நின்ற இன்னொரு பிள்ளையின் கையில் அதே துப்பாக்கியைக் கொடுத்து அதே மூலையில் நிறுத்தினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆக, ஆள் இருந்திருக்கிறது. மாற்றவும் முடிந்திருக்கிறது. இரண்டரை மணி நேரமாக யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த இரண்டரை மணி நேரமும் மைக்கில் ஒருவர் வரலாறு சொன்னார். குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே பேசினார். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது, 1920 நவம்பர் 11-ல் லண்டனில் பெயர் தெரியாத வீரனை அடக்கம் செய்தது, அதே நாளில் பாரிஸிலும் அப்படி ஒருவனின் சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது, 1972-ல் தில்லியில் தலைகீழ்த் துப்பாக்கியும் அதன் மேல் ஹெல்மெட்டுமாக அமர் ஜவான் ஜோதி வைத்தது, எல்லாம் வந்தது. அமெரிக்காவில் ஆர்லிங்டன் கல்லறையில் காவல் வீரன் 21 தப்படி நடப்பான், 21 விநாடி நிற்பான் என்றார். கைதட்டல். அதோடு விட்டுவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

அந்த ஆர்லிங்டனில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பகலில் அரை மணிக்கு ஒரு முறை காவல் மாறும். குளிர்காலத்தில் மணிக்கு ஒரு முறை. 1937-லிருந்து இரவும் பகலும் ஒரு நேரம்கூட ஆள் இல்லாமல் இருந்ததில்லை என்கிறார்கள். ஆள் மாறுவதால்தான் அது நடக்கிறது. ஏதென்ஸில் சிலை மாதிரி நிற்கும் வீரனின் பக்கத்தில் சாதாரண உடுப்பில் இன்னொரு சிப்பாய் இருப்பான். நிற்பவனின் முகத்து வியர்வையைத் துடைத்துவிடுவது அவன் வேலை. அவர்களெல்லாம் பயிற்சி எடுத்த, வளர்ந்த ஆட்கள். நம்முடையது எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு.

வியர்வை துடைக்கிற ஏற்பாடு நம் விழாவிலும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பந்தலில் இரண்டு பெடஸ்டல் ஃபேன், இரண்டும் சோபாவைப் பார்த்து. பாதாம் பால் வந்தது. பொன்னாடை மட்டும் பதினோரு பேருக்கு. உயிரைக் கொடுத்துப் பெயரையும் இழந்தவனுக்கு ஒரு மாலை, உயிரோடு பெயரும் உள்ளவர்களுக்குத் தெரு நீளத்துக்கு ஃபிளெக்ஸ். வட சென்னைக்காரன் காத்திருப்பான் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்கள், டிரெய்லர் லாரி வரிசைக்குப் பின்னால் நின்று பழகியவர்கள். விருந்தாளி வர இரண்டரை மணி நேரம் என்ன பெரிய விஷயம்? விழா முடிந்த மறுநாளே தூணில் டியூஷன் சென்டர் போஸ்டர் ஒட்டியிருந்ததே, அதையாவது...

சரி, விடுங்கள். நான் கேட்க வந்தது அதை இல்லை.

ஆகஸ்ட் 15-க்கு மறுபடி பிள்ளைகளை அனுப்பச் சொல்லிப் பள்ளிக்குக் கடிதம் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாற்றுங்கள். பதினாறு பிள்ளைகள் வருகிறார்கள், நாலு நாலாகப் பிரித்தால் நாலு அணி. விருந்தாளி கார் தெரு முனைக்கு வந்த பிறகு 'சோக் சஸ்த்ர்' கொடுத்தால் போதும், அதுவரை 'விஷ்ராம்', இயல்பாக நிற்கட்டும். ஒரு ஃபேனைத் தூண் பக்கம் திருப்புங்கள். ஒரு குடம் தண்ணீர் வையுங்கள். டூட்டி லிஸ்ட் போட ஆள் வேண்டுமென்றால் நானே போட்டுத் தருகிறேன். அன்றைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட், காலையில் வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் தயார்.

என் பேத்தியை வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வாசலில் வைத்திருக்கிறாள். அந்த வட்டம் மட்டும் இன்னும் போகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை