மழைக்கு முன் டயரையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழைக்கு மதுரை மாவட்டம் தயாராவது பற்றிய செய்தியில் கால்வாய், கண்மாய்க் கரை, மின்கம்பம் எல்லாம் இருந்தன. வண்டி டயர் பற்றி ஒரு வரிகூட இல்லை. உசிலம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு பிக்கப் ஓட்டுகிறவன் நான், அதனால் எழுதுகிறேன்.

என் தங்கை மகன் கனடாவில், மான்ட்ரியலில் இருக்கிறான். அவனிடமும் பிக்கப்தான். அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாமல் வண்டியை எடுத்தால் அபராதம். அதற்கென்றே இரும்பு டிஸ்க்கில் (டயரை மாட்டும் வட்டு) நான்கு சக்கரம் தனியாக வைத்திருக்கிறான். ரோட்டில் கொட்டும் உப்பு, விலை கூடிய அலாய் டிஸ்க்கைக் கெடுத்துவிடுமாம். டிஸ்க் ஓர் அங்குலம் சின்னது, டயர் கொஞ்சம் ஒடுக்கம், பக்கச்சுவர் உயரம். மொத்த விட்டம் மட்டும் மாறக்கூடாது, மாறினால் ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டும். “ஃபோர் வீல் டிரைவ்தான் இருக்கே, அப்புறம் எதுக்குடா?” என்று கேட்டேன். “அது கிளம்பத்தான் மாமா உதவும், நிக்க உதவாது” என்றான்.

அந்த டயர் நமக்கு வேண்டாம். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனாலும் விறைக்காத மெத்தென்ற ரப்பர் அது. நம் வெயிலுக்குச் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆனால் சீசனுக்கு முன்னால் டயரைப் பார்க்கும் பழக்கம் மட்டும் வந்தால் போதும்.

இங்கே நடப்பது வேறு. விலை குறைவு என்று கார் டயரை பிக்கப்பில் மாட்டுகிறார்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் அது லோடு தாங்காது. லோடு டயரில் 8 பிஆர் என்பதுபோல் டயரின் பலத்தைக் காட்டும் குறி போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று உள்கட்டமைப்பே வேறான டயர்களைப் போட்ட வண்டிகளையும் பார்க்கிறேன். ஆண்டிபட்டிக் கணவாய் இறக்கத்தில் ஈர ரோட்டில் பிரேக் அடித்தால் அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. இளவட்டங்கள் அழகுக்காக அகல டயர் போடுகிறார்கள். ஒடுக்கமான டயர் தண்ணீரைப் பிளந்து தரையைத் தொடும், அகலமானது சீக்கிரம் மிதந்துவிடும். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பதும் தப்பு, மிதப்பதுதான் கூடும்.

பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டை, 1.6 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடக்கூடாது. பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். பட்டன் அதோடு சமமாகிவிட்டால் கழற்ற வேண்டியதுதான். என்னைக் கேட்டால் மழைக்கு அதுவரைகூடப் பொறுக்கக் கூடாது. பட்டன் நன்றாக இருக்கும் பழைய டயரையும் நம்ப முடியாது. பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் பாருங்கள்: 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் தயாரானது.

எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்று எடுக்கும்போது இதெல்லாம் பார்ப்பதில்லையா என்று கேட்பீர்கள். பார்க்கிறார்கள். அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, சாயங்காலமே மொட்டை டயருக்குத் திரும்பும் ஆட்கள் இருக்கிறார்கள். வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதானே எஃப்.சி.!

ஆகவே போக்குவரத்து அதிகாரிகள் ஐப்பசி பிறப்பதற்குள் ஒருநாள் விடியற்காலையில் மாட்டுத்தாவணிக்கு வரட்டும். சுற்றுவட்டாரப் பூ வண்டிகள் அங்கே தானாகவே வந்து நிற்கும். ஆழம் பார்க்கும் அளவுகோல் ஒன்று போதும். முதல் தடவை அபராதம் போடாமல் ஒரு வாரம் தவணை கொடுத்தால் யாரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓட மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் உரிமையாளர்,
உசிலம்பட்டி.