எங்கள் 81ஐ 81 என்றே எழுத விடுங்கள்

கணினி அறிவியல் துறைத் தலைவர் அவர்களுக்கும் ப்ராஜெக்ட் ரிவியூ குழுவில் உள்ள ஆசிரியர்களுக்கும், இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் வணக்கம்.

போன வாரம் இரண்டாவது ரிவியூவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எட்டாவது ஸ்லைடில் எங்கள் மரவள்ளி நோய் மாடலின் (படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் கணினி நிரலின்) அக்யூரசி, அதாவது நூறு படத்தில் எத்தனையைச் சரியாகச் சொல்கிறது என்ற கணக்கு, 81 சதவீதம் என்று பார்த்ததுமே எங்களை நிறுத்திவிட்டீர்கள். "பேஸ் பேப்பர்ல, நீங்க அடிப்படையா எடுத்த ஆய்வுக் கட்டுரைல, இருக்கறதவிடக் குறைவா இருந்தா வெளியிலிருந்து வர்ற எக்ஸ்டர்னல் என்ன நினைப்பார்? 98க்கு மேல காட்டிட்டு மூணாவது ரிவியூவுக்கு வாங்க" என்றீர்கள். அந்த 81 எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மரவள்ளி இலையைப் போனில் படம் எடுத்தால் தேமல் நோயா இல்லையா என்று சொல்வதுதான் எங்கள் ப்ராஜெக்ட். இதற்கென்று இணையத்தில் கிடைக்கிற பெரிய டேட்டாசெட் உகாண்டாவில் எடுத்தது, 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஆனால் நம் விவசாயி தடுமாறுகிற இடம் அதில் இல்லை. இரும்புச்சத்து குறைந்தாலும் இலை மஞ்சளாகும், தேமல் வந்தாலும் மஞ்சளாகும். அதனால்தான் நாங்கள் மூன்று பேரும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை சனி, ஞாயிறுகளில் ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் ஆறு தோட்டங்களில் அலைந்து 2,300 படங்கள் எடுத்தோம். எது தேமல், எது சத்துக் குறைவு என்று என் அப்பாவும் ஒரு வேளாண் அலுவலரும் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார்கள்.

முதலில் எங்களுக்கும் 97 வந்தது. அன்று இரவு ஹாஸ்டலில் யாரும் தூங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் தவறு புரிந்தது. எல்லாப் படங்களையும் கலந்து பிரித்ததால், ஒரே செடியின் படம் மாடல் படிக்கிற டிரெயினிங்கிலும் இருந்தது, அதைச் சோதிக்கிற டெஸ்டிலும் இருந்தது. மாடல் நோயைப் படிக்கவில்லை, அந்தச் செடியையும் அதன் பின்னால் தெரிந்த செம்மண்ணையும் நினைவில் வைத்திருந்தது. நான்கு தோட்டங்களில் டிரெயின் செய்து, அது பார்த்தே இராத இரண்டு தோட்டங்களில் சோதித்தபோது 81 ஆனது. கூகுளின் இணையக் கணினிச் சேவையான கோலாப் பாதியில் அறுந்து அறுந்து மூன்று வாரம் ஓட்டியும் அதற்கு மேல் ஏறவில்லை.

சார், 98 காட்ட எங்களுக்குத் தெரியும். பழைய கோடில் ஒரு வரியை மாற்றினால் போதும். ஆனால் மரவள்ளி விவசாயி விதை போட்டு வளர்க்கிற பயிர் இல்லை, குச்சி வெட்டி நடுகிற பயிர். நோயுள்ள செடியை நல்ல செடி என்று எங்கள் ஆப் சொன்னால், விவசாயி அதே குச்சியை எடுத்து அடுத்த வருஷமும் நடுவார். தேமல் குச்சியோடு போகும், வெள்ளை ஈ அதைப் பக்கத்துக் காட்டுக்கும் கொண்டு சேர்க்கும். எங்கள் 81ஐ 81 என்றே எழுத விடுங்கள்.

அன்று எங்களுக்கு முன்னால் வந்த பேட்ச் 99 காட்டியது. அந்த மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. ப்ராஜெக்ட் சென்டரில் 12 ஆயிரம் கொடுத்து வாங்கியதை அவர்களே எங்களிடம் சொன்னார்கள். தங்கள் டெஸ்ட் படங்கள் எங்கிருந்து வந்தன என்று அவர்களுக்கே தெரியாது, நீங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த நான்கு வருஷத்தில் எத்தனையோ பேர் சொந்தமாகச் செய்யத் துணிந்திருப்பார்கள். நம் துறையில் மாலை நாலரைக்கு லேபைப் பூட்டுகிறோம், தலைப்பு ஐ.ஈ.ஈ.ஈ. (சர்வதேசப் பொறியாளர் அமைப்பு) பேப்பரிலிருந்துதான் வர வேண்டும் என்கிறோம், கடைசியில் பைண்டிங்கில் தங்க எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். வாங்கிய ப்ராஜெக்டுக்கு மரியாதை, செய்த ப்ராஜெக்டுக்குக் கேள்வி என்றால் ஜூனியர்கள் எந்தப் பக்கம் போவார்கள்?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். எங்களுக்குக் கூடுதல் மார்க் வேண்டாம். முதலில் வந்த 97, அது ஏன் தவறு, பிறகு வந்த 81 மூன்றையும் ரிப்போர்ட்டில் ஒரு அத்தியாயமாக எழுத அனுமதி கொடுங்கள். எக்ஸ்டர்னல் கேட்டால் பதில் சொல்வது எங்கள் பொறுப்பு.

மூன்றாவது ரிவியூ வியாழக்கிழமை. அதற்கு முன் உங்களுக்கு வசதியான நேரத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால், இரண்டு தோட்டத்துப் படங்களையும் மாடல் தவறாகச் சொன்ன இலைகளையும் கொண்டுவந்து காட்டுகிறோம். தயவுசெய்து 81ஐ மாற்றச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் இறுதியாண்டு மாணவி