பிரெவே வழி போடுகிறவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து

சென்னை, கோவை, மதுரை நெடுந்தூரச் சைக்கிள் குழுக்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். 200 கி.மீ. பிரெவே (கெடுவுக்குள் மிதித்து முடிக்கவேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) என்றாலே உங்கள் விரல் வரைபடத்தில் நாற்கரச் சாலையைத்தான் தேடுகிறது. லாரிக்கும் சாலையோர வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுக்குள் மிதித்து முடிக்கிறோம். செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வழி போடலாமே என்று உங்களில் ஒருவரிடம் கேட்டேன். "அங்கே மலையே இல்லையே, என்ன பயிற்சி கிடைக்கும்?" என்றார்.

மலை இல்லைதான். ஆடியில் வந்து பாருங்கள். அம்மியையே பறக்கவிடும் காற்று இந்தச் செம்மண் பொட்டலில் எதிரே நிற்கும். ஏற்றமாவது உச்சியில் முடிந்துவிடும்; இது முடியாது.

சென்ற மார்கழியில் நான் தனியாகப் போய்வந்தேன். விடியுமுன் கிளம்பி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், திருமயம் கோட்டை, கீழச்சிவல்பட்டி, திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, பிறகு தேவகோட்டை. கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் மதிலை ஒட்டி மிதித்துக்கொண்டே போகிறேன், வீடு முடிகிற வழியாக இல்லை. முகப்பு ஒரு தெருவில், கொல்லை வாசல் அடுத்த தெருவில். கோலத்தின்மேல் சக்கரம் ஏறாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனதில் வேகம் குறைந்தது உண்மை.

கீழச்சிவல்பட்டி தாண்டி, ஊருணிக் கரையில் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. சீமைக் கருவேல முள். (எங்கள் பக்கத்தின் மெய்யான குறை இதுதான், மறைக்க மாட்டேன்.) ட்யூபில் ஓட்டை எங்கே என்று தெரியாமல் விழித்தபோது, திண்ணையிலிருந்த ஓர் ஆச்சி உள்ளே போய், விளிம்பு உதிர்ந்த எனாமல் பேசின் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ட்யூபைச் சுற்றிச் சுற்றி அமுக்கினேன். வால்வுக்கு ஒரு சாண் தள்ளிக் கடுகளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. "எந்த ஊரிலிருந்து வருகிறாய்?" என்றார். காரைக்குடி என்றேன். "ஏன், இன்றைக்கு பஸ் ஓடவில்லையா?"

பிரான்சில் நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நெடும்பயணம் போய்வந்தவர்கள், 90 மணி நேரத்தில் 1200 கி.மீ. மிதித்த கதையைவிட, வழியோரக் கிராமத்தார் வாசலில் மேசை போட்டுக் காபி கொடுத்த கதையைத்தான் அதிகம் சொல்கிறார்கள். அடுத்தது 2027இல். அதற்குத் தயாராகிறவர்களை ஏன் சுங்கச்சாவடி சுங்கச்சாவடியாக அனுப்புகிறீர்கள்?

நான் கேட்பது ஒரே ஒரு பிரெவே, மார்கழியிலோ தையிலோ. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர் என்று நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்கள் இங்கே இருக்கின்றன. அவற்றில் நாலைந்து வாசல்களை, வந்துபோனதைப் பதிவுசெய்யும் கட்டுப்பாட்டு இடங்களாக்கிக்கொள்ளலாம். தூரம் போதாவிட்டால் தேவகோட்டைப் பக்கம் நீட்டிக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்கள் பல்லவன் ரயிலில் ஏறினால் அன்றிரவே காரைக்குடி.

ஆளுக்கு இரண்டு ட்யூப் கூடுதலாகக் கொண்டுவாருங்கள். பேசினுக்கு நான் பொறுப்பு.

அன்புடன்,
காரைக்குடி சைக்கிள்காரன் ஒருவன்