காளையின் மரபணுவும் கன்றின் எடையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க இறைச்சி மாட்டுப் பண்ணையாளர்கள் மரபணுச் சோதனை பார்த்துப் பொலிகாளை வாங்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து, கிராமத்து மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரையில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் வாலில் கொஞ்சம் மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினால் போதும், காளையின் குணமெல்லாம் தெரிந்துவிடும் என்றுதான் படிப்பவர் நினைத்துக்கொள்வார். மாட்டின் மயிர்ச்சுழியில் கோபுரச்சுழி இருக்கிறதா, துடைப்பச்சுழி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து மாடு பிடித்த நம் ஆட்களுக்கு இது புதுச் சுழி சாஸ்திரம் மாதிரி ஆகிவிடக் கூடாது.

இந்தச் சோதனைக்குப் பயன்படும் ‘சிப்’, மாட்டின் மரபணுவில் பல்லாயிரம் இடங்களைப் படித்துச் சொல்லும். பிறப்பு எடைக்கோ வளர்ச்சிக்கோ அதை வைத்து மதிப்பெண் போட வேண்டுமானால், அதே இனத்தில் ஆயிரக்கணக்கான மாடுகளை ஏற்கெனவே எடை போட்டு, இன்ன காளைக்குப் பிறந்தது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். ஆங்கஸ் என்ற இறைச்சி மாட்டு இனத்துக்கு அந்தக் கணக்கு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதனால்தான் அங்கே ஒரு காளைக்குப் பிறப்பு எடையில் +1, இன்னொன்றுக்கு +6 என்று போட முடிகிறது. ஒரே மந்தையில் இரண்டையும் விட்டால், இரண்டாவதன் கன்றுகள் சராசரியாக 5 பவுண்டு கூடுதலாகப் பிறக்கும் என்று அதற்கு அர்த்தம். தலைச்சன் கிடாரிகளை வைத்திருப்பவர் முதல் காளையைத்தான் வாங்குவார்.

அந்த 5 பவுண்டு என்ன செய்யும் என்பதைக் கை அறியும். பெரிய கலப்பினக் காளையின் சினை ஊசி போட்ட சின்ன நாட்டுக் கிடாரி, நடுராத்திரியில் முக்கிக்கொண்டு கிடக்கும். முன்னங்கால் இரண்டும் வெளியே தெரியும், தலை வராது. கணுவுக்கு மேல் கயிறு போட்டு, எண்ணெயைத் தாராளமாக விட்டு, மாடு முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கன்றும் போகும், சில சமயம் தாயும் எழுந்திருக்காது. ‘எந்தக் காளை ஊசிங்க போட்டது?’ என்று கேட்டால், ‘ஜெர்சிதாங்க சார்’ என்பார்கள். காளை எண் தெரியாது. கன்றை எடை போட்டதும் கிடையாது. இப்படி எழுதாமல் போன கன்றுகளை வைத்து எந்தச் சிப் என்ன சொல்லிவிடும்?

ஆங்கஸ் கணக்கை அப்படியே கொண்டுவந்து காங்கேயத்துக்கோ உம்பளச்சேரிக்கோ பொருத்தவும் முடியாது; இனம் மாறினால் மதிப்பெண் நம்பும்படி இருக்காது. நம் நாட்டு மாடுகளுக்கென்று ‘கௌ சிப்’, எருமைக்கு ‘மஹிஷ் சிப்’ என்று 2024 அக்டோபர் 5-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் வாசிமில் பிரதமர் வெளியிட்டார். நல்ல வேலை. சிப்பைத் தயாரித்துவிட்டோம், சரி. அப்புறம்? 12 இலக்கக் காதுவில்லை மாட்டின் காதில் தொங்குகிறது. அதற்கு நேரே பால் அளவும் ஈத்தும் ஒழுங்காக ஏறினால்தான் சிப்புக்கு வேலை. சாயங்காலம் உட்கார்ந்து குத்துமதிப்பாக நிரப்பிய பதிவேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு எழுத்து வேலை வேண்டாத சோதனைகளும் உண்டு. அவற்றைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். இது யாருடைய கன்று என்று பார்ப்பது ஒன்று. ஒரே மேய்ச்சலில் நாலைந்து காளை விடும் பண்ணைகளில் சோதித்தால், ஒரு காளை கன்றுகளில் பெரும்பங்குக்குத் தகப்பனாகவும், இன்னொன்று சும்மா தின்றுகொண்டும் இருப்பது தெரியவரும். பரம்பரை நோய்ச் சோதனை இன்னொன்று. 2008-ல் ஆங்கஸ் இனத்தில் முதுகு வளைந்து, கால் மடங்கி, செத்துப் பிறந்த கன்றுகளின் வம்சத்தைத் தேடியபோது, எல்லோரும் விரும்பி ஊசி போட்ட ஒரே பொலிகாளையில் போய் முடிந்தது. பழுதான மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால் வெளியே தெரியாது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் கன்று போகும். உறைவிந்து நிலையங்களில் நம் காளைகளுக்கும் இப்படிச் சில நோய்களுக்குச் சோதனை உண்டு. ஊசி போடுகிறவர் அதைச் சொல்வதில்லை, மாட்டுக்காரரும் கேட்பதில்லை.

இறைச்சிக்கென்றே மாட்டு மந்தை வளர்ப்பது தமிழ்நாட்டில் வழக்கமில்லை. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 வயது தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டையோ, காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாக அவற்றுக்கு உதவாமல் போன மாட்டையோதான் அறுக்க அனுமதி தர முடியும். ஆகவே இந்த அறிவியலை இறைச்சியில் சோதித்துப் பார்க்க நமக்கு ஆடுதான் சரி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் மேயும் மெட்ராஸ் ரெட் செம்மறிக்குக் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் எடை பார்த்துக் கிடா தேர்வு செய்து, அந்தக் கிடாக்களை ஆட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவருகிறது. குட்டியைத் தூக்கித் தராசில் தொங்கவிட்டு எழுதும் வேலை அங்கே ஏற்கெனவே நடக்கிறது. மரபணுச் சோதனையை அதன்மேல் சேர்ப்பது ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்குவதைவிட எளிது.

உங்கள் நிருபரை ஒருநாள் அங்கே அனுப்புங்கள். கிண்டியிலிருந்து ஒரு மணி நேரம்தான். அமெரிக்கப் பண்ணைக்குக் கொடுத்த இரண்டு பக்கத்தில் பாதியை அந்தக் கிடாக்களுக்கும் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்,
மாதவரம், சென்னை.