எட்டு ஜோடிக் காகிதக் காது

பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா,
மே 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அக்னி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை, அப்பாவை மத்தியானத்தில் கடைத்தெருப் பக்கம் விடாதே. இங்கே குளிர் மெல்ல இறங்குகிறது. விடியற்காலையில் ஸ்வெட்டர் வேண்டும், பத்து மணிக்கு மேல் இதமான வெயில்.

போனில் பேச உட்கார்ந்தால் பாப்பா பிடுங்கிக்கொண்டு "ஆச்சி, ஆச்சி" என்று ஓடிவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் நீ கேட்டது மனசிலேயே நிற்கிறது. "ஏம்மா, பார்க்குலயா பிறந்தநாள் வச்சீங்க? ஹால் பிடிக்கப் பணம் இல்லையா? எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்றாய். அதே பேச்சில், தம்பி ஆவணியில் மகனுக்கு மண்டபம் பிடித்து, சோட்டா பீம் செட் போட்டு, இருநூறு பேருக்கு இலை போடப்போகிறான், அதற்குக் கடன் கேட்டிருக்கிறான் என்றும் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. இந்தக் கடிதத்தை அவனுக்கும் படித்துக் காட்டு.

பணம் இல்லாமல் இல்லை, அம்மா. முதலில் நாங்களும் இங்கே ஒரு விளையாட்டு அரங்கத்தில்தான் விசாரித்தோம். ஒரு குழந்தைக்கு 38 டாலர், குறைந்தது 12 குழந்தைக்குக் கட்ட வேண்டும், எட்டுப் பேர்தான் வந்தாலும். காலில் போடும் சாக்ஸுக்குத் தனிக் காசு. கூட்டிப் பார்த்தால் நம் பணத்தில் 25,000 ரூபாயைத் தாண்டுகிறது. மூணு வயசுப் பிள்ளை அதில் எதை நினைவில் வைக்கப் போகிறது என்று இவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பாப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்பதில் குழப்பமே இல்லை. ப்ளூயிதான். நீ வீடியோவில் பார்த்து "நீல நாய்க்குட்டிப் பையன்" என்பாயே, அது பையன் இல்லை அம்மா, பெண். ப்ளூ ஹீலர் என்று இங்கே மாடு மேய்க்கிற நாய் இனம் ஒன்று உண்டு, அந்த ஜாதி. அதன் தங்கச்சி பிங்கோ செம்பழுப்பு நிறம். 2018 அக்டோபரில் தொடங்கிய கார்ட்டூன், ஒரு கதை ஏழு நிமிஷம்தான். இதை எடுப்பதே இந்த பிரிஸ்பேனில். அந்த நாய்க் குடும்பம் இருக்கிற வீடும் இந்த ஊர்ப் பழைய வீடு மாதிரியே மரத்தால் கட்டி, கால் வைத்து உயர்த்தி, தகரக் கூரையும் வராந்தாவுமாக இருக்கும். பாப்பா தெருவில் அப்படி ஒரு வீட்டைக் கண்டால் "ப்ளூயி வீடு" என்று கத்துவாள். அந்தக் கதைகளில் அப்பா நாய் பிள்ளைகளோடு தரையில் உருண்டு விளையாடும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்தது. அந்தப் பிள்ளைகள் விளையாடுவதெல்லாம் பலூன், தலையணை, அட்டைப்பெட்டி. காசு கொடுத்து வாங்கின சாமானே அதில் குறைவு.

கடையில் ப்ளூயி படம் போட்ட தட்டு, கப், தோரணம் எல்லாம் கிடைக்கிறது. படம் இருக்கிற தட்டுக்கும் வெறும் தட்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நான் படமே வாங்கவில்லை. நீலம், ஆரஞ்சு, இரண்டே நிறம். நீல மேசைவிரிப்பு, ஆரஞ்சு பலூன், அவ்வளவுதான். மேசையைப் பார்த்ததும் எல்லாப் பிள்ளையும் "ப்ளூயி, பிங்கோ" என்று சொல்லிவிட்டது. பிளாஸ்டிக் தட்டு, ஸ்பூன், ஸ்ட்ராவை இந்த மாநிலத்தில் 2021 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் 2019-லேயே தடை வந்துவிட்டதே. இந்தியக் கடையில் பாக்குமட்டைத் தட்டு கிடைத்தது, அதைத்தான் வைத்தேன்.

பிள்ளைகள் தலையில் மாட்டிக்கொள்ள அட்டையில் ப்ளூயி காது செய்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. நாலு ராத்திரி, பாப்பா தூங்கின பிறகு, கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மூணு வயசுத் தலைக்குச் சுற்றளவு ஐம்பது சென்டிமீட்டர் பக்கம். 55-க்குச் சார்ட் அட்டையைப் பட்டையாக வெட்டி, மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினோம். ஸ்டேப்ளர் பின் அடித்தால் முனை தலையில் கீறும், டேப் மட்டும்தான். காது முக்கோணமாக, நுனி கொஞ்சம் மழுங்கலாக, உள்ளே வெளிர் நிறத்தில் சின்ன முக்கோணம். முதல் ஜோடி நிற்காமல் தொங்கிவிட்டது. காதின் அடியை ஒரு மடிப்பு மடித்துப் பட்டையில் ஒட்டினதும் விறைப்பாக நின்றது. எட்டு ஜோடிக்கும் அட்டை, பசை, டேப் எல்லாம் சேர்த்து ஒன்பது டாலர்.

கேக்கும் வீட்டில்தான். சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற சாக்லேட் மட் கேக் இரண்டை வாங்கி, மேலே இருந்த பூச்சை வழித்துவிட்டு, ஓரம் சீவிச் சதுரமாக்கிச் சேர்த்து வைத்தால் ப்ளூயியின் முகம் வந்துவிடும். வெண்ணெயும் பொடிச் சர்க்கரையும் அடித்த பூச்சில் நீலச் சாயம் விட்டேன். பச்சையாகிவிட்டது! வெண்ணெய் மஞ்சள் இல்லையா, மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சைதானே. ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் செய்தி போட்டேன். "வெண்ணெயை வெளுக்கும்வரை பத்து நிமிஷம் அடி, பிறகு ஊதாச் சாயம் ஒரு பொட்டு, குச்சி நுனியில் தொட்டு விடு" என்று பதில் வந்தது. அந்த ஒரு பொட்டு விழுந்ததும் பச்சை விலகி, வானம் மாதிரி நீலம் வந்தது. கண்ணுக்கு வட்டக் கிரீம் பிஸ்கட், மூக்குக்குச் சாக்லேட் பிஸ்கட்.

அழைப்பில் "காலை 9.30 முதல் 11.30 வரை" என்று முடிகிற நேரத்தையும் போட்டதைப் பார்த்து நீ வருத்தப்பட்டாய், வந்தவர்களைப் போ என்று சொல்கிற மாதிரி இருக்கிறது என்று. இந்த ஊரில் அது வழக்கம் அம்மா. எனக்கும் முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது சரியென்றே படுகிறது. சின்னப் பிள்ளைகள் பன்னிரண்டரைக்குத் தூங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் சிரித்த பிள்ளையே அழ ஆரம்பிக்கும். தம்பி விசேஷத்தை ராத்திரி ஏழு மணிக்கு வைக்கப்போவதாகச் சொன்னாய். வேண்டாம் என்று சொல். கேக் வெட்டுகிற நேரத்துக்கு மருமகன் தூங்கி விழுவான்.

பூங்காவில் எங்களைப் போல் சின்னக் கூட்டத்துக்குப் பணமும் கட்ட வேண்டாம், முன்பதிவும் வேண்டாம். முதலில் போகிறவர்களுக்கு மேசை. இவர் ஆறரை மணிக்கே போய் விரிப்பை விரித்துக் காவல் இருந்தார். அங்கே மின்சார அடுப்பு மேடை ஒன்று இருக்கிறது. பட்டனை அழுத்தினால் நம் பரோட்டாக் கடைக் கல் மாதிரி காயும், காசு கிடையாது. அதில் கோழி சாசேஜ் சுட்டு ரொட்டியில் சுற்றிக் கொடுத்தோம். நான் வீட்டில் அவித்த குட்டி இட்லியை நெய்யில் புரட்டி வைத்தேன், பெரியவர்கள்தான் அதை முதலில் காலி பண்ணினார்கள். ஃபேரி பிரெட் என்று ஒன்று, இந்த ஊர்ப் பிறந்தநாளில் அது இல்லாமல் இருக்காது. வெள்ளை ரொட்டியில் வெண்ணெய் தடவி, சீரக மிட்டாயைவிடப் பொடிசான, கடுகளவு கலர் மிட்டாயைத் தூவி முக்கோணமாக வெட்டுவது. மூணு டாலரில் ஒரு பெரிய தட்டு நிறைந்துவிட்டது.

நீ அனுப்பின கடலைமிட்டாயை மட்டும் வெளியே எடுக்கவே இல்லை. மனசு கேட்கவில்லைதான். நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கினது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக் கொடுக்க ஆசை. ஆனால் வந்த பிள்ளைகளில் ஒன்றுக்குக் கடலை ஒவ்வாது. துணுக்கு வாயில் பட்டாலே மூச்சு அடைத்துவிடும், அதன் அம்மா எப்போதும் ஊசி மருந்தைக் கைப்பையில் வைத்திருக்கிறாள். அதனால் அழைக்கும்போதே எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று கேட்டுக்கொண்டேன். தம்பியும் கேட்கட்டும், நம் ஊரில் யாரும் கேட்பதில்லை.

இதையும் அவனிடம் அழுத்திச் சொல். திராட்சையை முழுசாக வைக்கக் கூடாது, நெட்டுவாக்கில் நாலாக வெட்ட வேண்டும். பாப்கார்ன் வேண்டாம். பலூன் வெடித்தால் கிழிசலை உடனே பொறுக்க வேண்டும், வாய்க்குள் போனால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். மினுக்கு மோதிரம், பாட்டுப் பாடும் அட்டை இதெல்லாம் திரும்பக் கொடுக்கிற பரிசாக வாங்கவே வேண்டாம். உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் தொண்டையையும் உணவுக்குழாயையும் அரித்துவிடும். அதற்காகவே இந்த நாட்டில் 2022 ஜூனிலிருந்து தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

விளையாட்டுக்கு வருகிறேன். பலூனைத் தரையில் விழாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ப்ளூயி கதையில் வருகிற விளையாட்டுதான் அது. இவர் மண்டியிட்டு, தலையில் நீலக் காது வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே பலூனைத் தவறவிட்டு விழுந்தார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு உனக்கு ஊரில் கேட்டிருக்க வேண்டும். அரை மணி நேரம், ஆறு பலூன். அது முடிகிற நேரம் ஒரு அரிவாள் மூக்கன் பறவை வந்தது. நம் கண்மாயில் வருமே, அதற்கு நெருங்கின சொந்தம். இங்கே அது குப்பைத் தொட்டியைக் கிளறும். நேரே மேசைக்கு வந்து ஃபேரி பிரெட் ஒன்றைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. பாப்பா துரத்தினாள், பின்னாலேயே எட்டு ஜோடிக் காதும் ஓடியது.

பிறகு பார்சல் சுற்றுகிற விளையாட்டு. ஒரு பொட்டலத்தைத் தாள்மேல் தாளாகச் சுற்றி, வட்டமாக உட்கார்ந்து கைமாற்றுவது. பாட்டு நின்றால் கையில் இருக்கிற பிள்ளை ஒரு தாளைப் பிரிக்கலாம். முன்காலத்தில் கடைசித் தாளுக்குள் மட்டும்தான் பரிசாம். மூணு வயசுக்கு அது ஆகாது. எட்டுத் தாள் சுற்றி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஸ்டிக்கரும் ஒரு கிரேயானும் வைத்தேன். பாட்டை நிறுத்துவது நான் என்பதால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு முறை நின்றது.

சுற்றினது எந்தத் தாள் தெரியுமா? நீ வடகம் பொதிந்து அனுப்பின தமிழ்ப் பேப்பர்தான். இத்தனை நாள் எறிய மனசில்லாமல் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுச் சிறுவன் பிரித்த தாளில் செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் தேர் படம் இருந்தது. ஸ்டிக்கரை விட்டுவிட்டு அதையே பார்த்தான். "இது என்ன லாரி?" என்று கேட்டான். லாரி இல்லைடா, தேர், சாமி உட்கார்ந்திருக்கும், ஊரே சேர்ந்து வடம் பிடித்து இழுக்கும் என்று சொன்னேன். "எல்லாருமா?" என்றான். எல்லாரும்தான் என்றேன். தோரணம் கட்டின கயிறு மிச்சம் இருந்தது. அதைக் கேக் அட்டைப்பெட்டியில் கட்டி, பிங்கோ பொம்மையை உள்ளே உட்காரவைத்து, பிள்ளைகளை வடம் பிடிக்கச் சொன்னேன். புல்வெளியைச் சுற்றி இரண்டு முறை இழுத்தார்கள். போகும்போது அந்தத் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

மொத்தச் செலவு 124 டாலர். நம் பணத்தில் ஏழாயிரம் ரூபாய்க்குள்.

தம்பிக்கு என் யோசனை இதுதான். மொட்டைமாடி போதும், காலையில் வைக்கட்டும், மருமகனுக்குத் தெரிந்த பத்துப் பிள்ளைகள் போதும். சோட்டா பீமுக்கு என்ன அடையாளம்? ஆரஞ்சு வேட்டியும் லட்டும். ஆரஞ்சுத் துணி வாங்கிப் பத்துக் குட்டி வேட்டியாகக் கிழித்துக் கட்டிவிடு. நீ பிடிக்கிற பூந்தி லட்டுக்கு மேல் எந்தக் கேக்கும் வேண்டாம், பொடிசாகப் பிடி, முந்திரியைப் பொடித்துப் போடு. ஆரஞ்சுப் பந்தைக் கூடையில் போடுகிற விளையாட்டு வை, லட்டு என்று சொன்னால் அவன் நம்புவான். பீம் வேஷக்காரரை மட்டும் கூப்பிட வேண்டாம். போன வருஷம் ஒரு விசேஷத்தில் அவ்வளவு பெரிய பொம்மைத் தலையைப் பார்த்து பாப்பா நீலம் பாரித்து அழுதாள், ஒரு வாரம் தனியாகத் தூங்கவில்லை. உறவுக்காரர்களை விட முடியாது என்றால் சாயங்காலம் வீட்டிலேயே பாயாசம் வைத்துக் கூப்பிடலாம். கடன் மட்டும் வேண்டாம் அம்மா. அந்தக் கடனை அடைக்க அவன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போவான். பிள்ளையோடு தரையில் உட்காருகிற ஒரு நாளும் போய்விடும்.

பூங்கா விசேஷத்துக்கு மறுநாள் சௌத் மெக்லீனில் இருக்கிற செல்வ விநாயகர் கோயிலுக்குப் போய் பாப்பா பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை பண்ணினோம். கேக் வெட்டும்போது உனக்கு ஆறரை மணி. வாசல் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கோலமாவுக் கையோடு நீ போனில் நின்றது பாப்பாவுக்கு நினைவிருக்கிறது. "ஆச்சி கை வெள்ளை" என்று இன்னும் சொல்கிறாள்.

இத்துடன் போட்டோ பதினொன்று வைத்திருக்கிறேன். மருமகனுக்கு ஒரு ஜோடிக் காதும் இருக்கிறது, கசங்கினால் அடியில் ஒரு மடிப்பு மடித்து ஒட்டு. அப்பா சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா? கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா, அரிவாள் மூக்கன் வருகிறதா என்று எழுது. பாப்பா கேட்கிறாள்.

அன்புடன்,
உன் மகள்