கடலில் மறைந்தோரின் நினைவுக் கற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடற்படை அதிகாரிகளின் கல்லறைக் கற்களையும், கடலில் மறைந்து உடல் கிடைக்காதவர்களுக்கான நினைவுக் கற்களையும் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு கழுவுகிறவர்களே கெடுத்துவிடுகிறார்கள். உடல் இல்லாத இடத்தில் கல்லில் பொறித்த பெயர்தான் குடும்பத்துக்கு மிச்சம். அதை இழக்கக் கூடாது.

பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் அமிலத்தில் கரையும். கழிப்பறை அமிலம், வினிகர், எலுமிச்சை எதுவும் ஆகாது. பிளீச்சும் வேண்டாம், அது கல்லுக்குள் உப்பை விட்டுச்செல்லும். கடற்காற்றில் ஏறிய உப்பே போதுமான கேடு: கல் காயும்போது படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கிறது.

முதலில் விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம்போல் ஒலித்தாலோ, மணலாக உதிர்ந்தாலோ கை வைக்காதீர்கள். உறுதியான கல்லை நல்ல தண்ணீரில் நனைத்து, மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் வழிந்து கோடு விழும். கம்பி பிரஷும் பிரஷர் வாஷரும் எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும்.

விரிசலில் சிமென்ட் பூசுவது இன்னும் மோசம். அது பழைய கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. விரிசலை ஒட்டிய பழைய கல்தான் உடையும். சுண்ணாம்புச் சாந்தே சரி. உள்ளே இரும்பு இணைப்புக் கம்பி இருந்தால் துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளக்கும். அதைக் கல் பராமரிப்பு தெரிந்தவரைக் கொண்டு எடுத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி பொருத்த வேண்டும்.

மங்கிய எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ் தேய்க்காதீர்கள். மாலை இருட்டியபின் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் படம் எடுங்கள். பெயர், பதவி, கப்பல், தேதி நான்கும் நிழலில் தெளியும்.

— ஒரு வாசகர்